மாட்டைக் கொழுக்க வைக்கும் மருந்தும் மனிதர் உடல்நலமும்

இறைச்சிக்காக வளர்க்கும் மாடு எவ்வளவு சீக்கிரம் எடை கூடுகிறதோ, அவ்வளவுக்குத் தீவனச் செலவு மிச்சம். இதற்காக வந்தவையே வளர்ச்சி ஊக்கி மருந்துகள். நம் சங்க அன்பர்களில் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை. எனினும் இதில் எல்லோருக்கும் பாடம் உண்டு.

1. டி.இ.எஸ். என்னும் செயற்கைப் பெண் ஹார்மோனை மாட்டுத் தீவனத்தில் சேர்க்க அமெரிக்கா 1954-ல் அனுமதித்தது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி இதே மருந்தைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்து வந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பெண்கள் சிலருக்கு இளம் வயதிலேயே அபூர்வமான பிறப்புறுப்புப் புற்றுநோய் வருவதை 1971-ல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். இறைச்சி உண்டதால் வந்த நோயல்ல இது; தாய்மார் உட்கொண்ட அளவு மிக அதிகம். ஆயினும் 1979-ல் மாடுகளுக்கும் அம்மருந்து தடை செய்யப்பட்டது.

2. கிளென்புட்ரால் ஆஸ்துமாவுக்கான மருந்து. மாட்டுக்குக் கொடுத்தால் கொழுப்புக் குறைந்து தசை கூடும். 1990-ல் ஸ்பெயினில் இப்படி வளர்த்த மாட்டின் ஈரலை உண்ட 135 பேருக்குக் கை நடுக்கம், படபடப்பு, தலைவலி. மருந்து ஈரலில்தான் அதிகம் தங்கும். கொதிக்க வைத்தாலும் அழியாது.

3. எஸ்ட்ரடையால் போன்ற ஹார்மோன்களைச் சிறு குளிகையாக மாட்டின் காதுத் தோலுக்கடியில் வைப்பதை அமெரிக்கா இன்றும் அனுமதிக்கிறது. இறைச்சியில் மிஞ்சும் அளவு மிகச் சொற்பம் என்பது அதன் வாதம். ஆபத்தில்லாத அளவு எது என்று சொல்ல முடியாது என்பது ஐரோப்பாவின் வாதம். அத்தகைய இறைச்சியின் இறக்குமதியை அது 1989 முதல் தடுத்துள்ளது.

ரயில்வேயில் பொறியாளனாக இருந்த எனக்கு ஒன்று தெரியும். பாலம் தாங்கும் என்று நிரூபிக்க வேண்டியவர் அதைக் கட்டியவரே. ரயிலில் போகும் பயணி அல்ல. மருந்துக்கும் அதுவே நியாயம்.

நம் நாட்டுக்கு வருவோம். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்குக் கடைசியாகக் கொடுப்பது கோலிஸ்டின். அதையே கோழி வளரத் தீவனத்தில் கலந்தார்கள். இப்படிச் செய்தால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். நாளை நம் பிள்ளைக்கு நோய் வந்தால் மருந்து பலிக்காது. எனவே உணவுக்கான பிராணிகளுக்கு அதைக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடை செய்தது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை: இறைச்சியை நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் காய்கறிக்கு எடுக்காதீர்கள். ஈரலை அடிக்கடி சமைக்க வேண்டாம். மருத்துவர் எழுதித் தராமல் ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள்.