பால் கணக்குக்குப் பக்கத்துல ஒரு தலைவலிக் கணக்கு

தங்கச்சி, என் ஒற்றைத் தலைவலிக்குக் காரணம் தலைக்குக் குளிக்கிறதுதான்னு பல வருஷம் நம்பிட்டு இருந்தேன். வெள்ளிக்கிழமை குளிச்சா மத்தியானமே வலது பொட்டு விண்விண்ணுனு தெறிக்கும். குமட்டும். ஜன்னலைச் சாத்திட்டு இருட்டுல படுத்துக்குவேன். "ஈரத்தலையோட நின்னா நீர் கோத்துக்கும்"னு அம்மாவும் சொல்வாங்க.

ஒரு நாள் சமையக்கட்டு காலண்டர்ல, பால் கணக்குக்குப் பக்கத்துலயே தலைவலியையும் குறிக்க ஆரம்பிச்சேன். மூணு மாசத்துல விஷயம் புரிஞ்சுது. எல்லா வெள்ளியும் வலிக்கலை. விரதம்னு காலைச் சாப்பாட்டை விட்டு, சாம்பிராணிப் புகையில உட்கார்ந்து, மாதவிலக்கும் நெருங்கியிருந்த வெள்ளிகள்லதான் வலி. ஞாயித்துக்கிழமை இட்லி சாப்பிட்டுட்டுத் தலைக்குக் குளிச்சப்போ ஒண்ணுமே ஆகலை. அதனால சொல்றேன், கேட்டுக்கோ.

1. ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், நரம்பு சம்பந்தப்பட்ட நோய். இது பெரும்பாலும் பரம்பரை வாகு. இந்த வாகு உள்ளவங்க மூளை சின்ன மாற்றத்துக்கும் சட்டுனு கிளர்ந்துடும். மருந்து எடுக்கலைனா 4 மணி நேரத்துல இருந்து 72 மணி நேரம் வரை படுத்தும். ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் 3 மடங்கு அதிகம். மாதவிலக்குக்கு முன்னாடி ஈஸ்ட்ரோஜன் இறங்குறது ஒரு முக்கியக் காரணம். "சோம்பேறித்தனம்"னு யார் சொன்னாலும் மனசுல வாங்கிக்காதே.

2. ஒரே காரணத்தைத் தேடாதே. தூக்கக் குறைவு, பசி, வெயில், ஊதுபத்தி வாசனை, பஸ் பயணம் எல்லாம் தனித்தனியா சில்லறைதான். ஒரே நாள்ல சேர்ந்தா பெரிய தொகையாயிடும். கல்யாண வேலை எல்லாம் முடிஞ்சு அக்கடான்னு உட்கார்ற மறுநாள்கூட வலி வரலாம்.

3. வலிக்காத நாளையும் குறி. தூங்கின நேரம், சாப்பிட்ட நேரம், எத்தனை காபி, மாதவிலக்கு, போட்ட மாத்திரை, இவ்வளவு போதும். வலிச்ச நாளை மட்டும் எழுதினா, அன்னைக்குச் சாப்பிட்டதெல்லாம் குத்தவாளியா தெரியும்.

4. முன்னறிகுறியைக் காரணம்னு நினைச்சுடாதே. வலிக்கு முந்தின நாளே கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு ஆசை வரலாம். சாக்லேட் தின்னதால வலி வந்திருக்கணும்னு இல்லை; வலி கிளம்பிட்டதாலயே சாக்லேட் ஆசை வந்திருக்கலாம். சிலருக்குக் கண்ணுல வளைஞ்சு வளைஞ்சு ஒளிக்கோடு தெரியும். அதுக்கு "ஆரா"ன்னு பேரு. அது உனக்கு இருந்தா, கருத்தடை மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லு.

5. வேளை தவறாதே. லீவு நாள்லயும் அதே நேரத்துக்குத் தூங்கி எழுந்திரு. பிள்ளைங்களுக்கு டிபன் கட்டிட்டு நீ பட்டினியா கிளம்பாதே. காபியைக் குறைக்கணும்னா படிப்படியா குறை. ஒரேயடியா நிறுத்தினா அதுவே தலைவலியைக் கொண்டுவரும்.

6. மாத்திரையையும் எண்ணு. சாதாரண வலி மாத்திரையை மாசத்துல 15 நாளோ அதுக்கு மேலயோ, மைக்ரேனுக்குன்னே உள்ள டிரிப்டான் வகையோ கலவை மாத்திரையோ 10 நாளோ அதுக்கு மேலயோ, மூணு மாசத்துக்கு மேல தொடர்ந்து போட்டா, மாத்திரையே தலைவலியை வளர்த்துவிடும். வலி அடிக்கடி வந்தா, வராம தடுக்கிற மருந்து இருக்கு, டாக்டர்கிட்ட கேளு. காலண்டரையும் எடுத்துட்டுப் போ.

7. இந்த அறிகுறிகள் வந்தா காத்திருக்காதே. இடி விழுந்த மாதிரி திடீர்னு கடும் வலி, காய்ச்சலோட கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் இருந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. 50 வயசுக்கு மேல புதுசா தலைவலி ஆரம்பிச்சாலும் தள்ளிப்போடாம டாக்டரைப் பார்த்துடு.

எனக்கு வலி முழுசா போயிடலை. ஆனா குறைஞ்சிருக்கு. இப்பவும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்கிறேன். விரதத்தை மட்டும் பாலும் பழமுமா மாத்திக்கிட்டேன். சாம்பிராணி போடும்போது ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். நீயும் இன்னைக்கே உன் வீட்டுக் காலண்டர்ல நூல்ல ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிடும்மா.