துருவும் பளபளப்பும்

கேள்வி: அமெரிக்க ஹாட் ராட் கண்காட்சிகளில் ஒரு கார் கண்ணாடியாய் மின்னுகிறது, பக்கத்தில் ஒன்று துருவேறி நிற்கிறது. இரண்டையும் எப்படி ஒரே இனம் என்கிறார்கள்?

பதில்: ஹாட் ராட் பிறந்தது ஓட்டத்துக்காக. கலிபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் வறண்ட ஏரிப் படுகைகளில் இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளின் மட்கார்டைக் கழற்றி, எடையைக் குறைத்து, எஞ்சினுக்கு வலுவேற்றி விரட்டினார்கள். 1932-இல் ஃபோர்டு மலிவு விலையில் வி-8 எஞ்சின் கொடுத்ததும் வேகம் சாமானியனுக்கும் எட்டியது. 1950-இல் ஓக்லாந்து கண்காட்சி மிக அழகிய ரோட்ஸ்டருக்குப் பரிசு வைத்தது. பெயின்டும் குரோமும் தனிப் போட்டியாக வளர்ந்தன. ஓட்டாமல் டிரெய்லரில் ஏற்றி வரும் வண்டிகளைப் பார்த்து மனம் கசந்தவர்கள், துருவைத் துடைக்காமலே ரேட் ராட் கட்டினார்கள். (அதிலும் வேண்டுமென்றே துரு ஏற்றுபவர்கள் உண்டு, அது எனக்குப் பிடிப்பதில்லை.)

மூன்றாவது தரப்பு, அசல் தகட்டை வெட்டுவதே பாவம் என்கிறது. அவர்களின் கோட்டையான பெபிள் பீச் கண்காட்சியே 1997-இல் ஹாட் ராடுகளுக்குத் தனிப் பிரிவு திறந்தது.

என் மனம் போவது, சொந்தக் கையால் கட்டி, நூறு மைல் ஓட்டி வந்து, புழுதியும் பூச்சியும் அப்பிய முகப்போடு நிற்கும் வண்டியின் பக்கம்தான்.