மாயூரம் முன்சீப் காட்டிய வழி: வணிகர்களுக்கு ஒரு சட்டப் பாடம்

பாக்கி வசூலுக்காக நீதிமன்றப் படியேறும் வணிகர்களில் பலர், தம் வழக்கில் என்ன பேசப்பட்டது என்பதே புரியாமல் கடைக்குத் திரும்புகின்றனர். இந்தக் குறையை 160 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, அதைப் போக்க முயன்ற நீதிபதி ஒருவர் நம் வட்டாரத்தில் இருந்தார். அவர்தான் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

அவரது பணி

திருச்சிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826இல் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகச் சேர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அடுத்து சீர்காழியிலும், நீண்ட காலம் மாயூரத்திலும் பணிபுரிந்து 1872இல் ஓய்வு பெற்றார். மாயூரம் நகர்மன்றத் தலைவராகவும் இருந்தார். 1889இல் மறைந்தார்.

கடன், நிலம் போன்ற வழக்குகள் முதலில் வந்து சேரும் இடம் முன்சீப் கோர்ட். அங்கு வரும் சாதாரண மக்களுக்குச் சட்டம் தெரிய வேண்டுமானால் அது தமிழில் இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். சதர் கோர்ட் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தொகுத்து, 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862இல் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழிலேயே வாதம் நடைபெற வேண்டும் என்பதை, 1879இல் வெளியான தம் 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலிலும் வற்புறுத்தினார்.

தரங்கம்பாடி காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. எனினும் அக்காலத்தில் காரைக்காலும் நெரவியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. அங்கே ஆங்கிலம் தடையாக இருந்தது, இங்கே பிரெஞ்சு. 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கியபின் படிப்படியாக இந்தியச் சட்டங்கள் இங்கு நடைமுறைக்கு வந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் சில 2019 முதல் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியாகின்றன. முன்சீப் தொடங்கிய பணி இன்னும் முடியவில்லை.

நாம் அறிய வேண்டியவை

1. தவணை குறிப்பிடாமல் கடனுக்குச் சரக்குக் கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். தெரிந்தவர்தானே என்று காத்திருந்தால் பாக்கி காலாவதியாகிவிடும்.

2. அக்கெடு முடியுமுன் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். ஆண்டுதோறும் பாக்கிதாரரிடம் பேரேட்டில் கையெழுத்துப் பெறுவது நல்லது.

3. நாம் எழுதிய கணக்கு மட்டுமே ஒருவர்மீது கடனைச் சுமத்தப் போதாது. முன்சீப் ஓய்வு பெற்ற 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இப்படிக் கூறியது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் இதையே கூறுகிறது. எனவே பில்லின் நகலிலும் சரக்குப் பெற்றவரின் கையெழுத்து இருக்கட்டும்.

4. காசோலையை 3 மாதத்துக்குள் வங்கியில் செலுத்த வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாட்களில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

5. இரு தரப்பும் சம்மதித்தால் மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். வழக்குப் போடுமுன்பே அங்கு செல்லலாம், கட்டணம் இல்லை. நிலுவை வழக்கு அங்கு முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதன் முடிவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம்; மேல்முறையீடு கிடையாது. இன்றைய வாடிக்கையாளர் நாளையும் நம் கடைக்கு வர வேண்டியவர் என்பதால், நமக்கு இதுவே ஏற்ற வழி.

வணிகப் பெருமக்கள் இந்த வாரமே பேரேட்டைப் புரட்டி, 2 ஆண்டுகளைத் தாண்டிய பாக்கிகளைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். வக்கீலிடம் போக நேர்ந்தால், ஒவ்வொரு தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.