விளக்குக்காகப் பட்டினி கிடந்தவர்கள்

1933 மே மாதம் போர்ட் பிளேயர் செல்லுலார் சிறையில் அரசியல் கைதிகள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். நல்ல சாப்பாட்டோடு, கொட்டடிக்கு விளக்கும் படிக்கப் புத்தகமும் கேட்டார்கள். வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதில் மகாவீர் சிங் உட்பட மூவர் இறந்தார்கள். அதன் பிறகே நிர்வாகம் இறங்கி வந்தது. சிறைக்குள் படிப்பு வட்டங்களே நடந்தன. உயரத்தில் ஒற்றைச் சாளரம் மட்டும் உள்ள தனிக் கொட்டடியில் அடைபட்டவருக்குப் புத்தகம் வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க முடியாது, ஆன்மிக வாசிப்பாகவே இருந்திருக்கும். அவர்களில் பலர் படித்தது மார்க்சியம்தானே, அதில் ஆன்மிகம் எங்கே என்று கேட்கலாம். தன்னைத் தாண்டி யோசிக்கப் பழக்கும் எதையும் ஆன்மிக வாசிப்பு என்றே சொல்வேன். அட்டையில் சாமி படம் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

படித்தால் மட்டும் போதுமா, அனுபவம் வேண்டாமா என்பது இதைவிட நியாயமான கேள்வி. 1908-09இல் அலிப்பூர் சிறையில் அரவிந்தர் கீதையையும் உபநிடதங்களையும் தியானத்தோடு சேர்த்தே படித்தார். ஆகவே பக்கக் கணக்கு வேண்டாம். இரண்டு பக்கம் படித்து, மூடிவைத்து, சொந்த வார்த்தையில் நாலு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையா, மறுநாளும் அதே பக்கம்தான். நேரமில்லை என்பவர்களுக்கு: டிசம்பரில் இங்கே அந்தமானில் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. அந்த நீண்ட மாலையில் அரைமணி நேரம் கைபேசியை வேறு அறையில் வையுங்கள். கண் மங்கிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால் உரக்கப் படியுங்கள், வேகம் தானாகவே குறையும்.