காட்டுத்தீயும் கட்டுப்பாட்டு அறையும்

காட்டுத்தீ என்றதும் பலரின் மனக்கண்முன் தோன்றுபவர்கள் மஞ்சள் சட்டையும் தலைக்கவசமும் அணிந்த தீயணைப்பு வீரர்கள்தாம். மரங்களுக்கு மேலே தாழப் பறந்து செந்நிறத் தீத்தடுப்புக் கலவையைக் கொட்டும் விமானங்களும் நினைவுக்கு வரும். ஆனால், அந்த வீரர்களை அங்கே அனுப்பி வைத்தவர் யார்? இந்த நிமிடத்தில் அவர்கள் எந்த மலைச்சரிவில் நிற்கிறார்கள் என்பதை அறிந்திருப்பவர் யார்? அவர் தீ எரியும் இடத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில் அமர்ந்திருக்கக்கூடும். அவருக்கு முன்னால் பல கணினித் திரைகள், சுவரில் பெரிய நிலப்படம், காதில் ஒலிக்கருவி. புகையின் வாடைகூட அவ்வறைக்குள் வருவதில்லை. ஆங்கிலத்தில் இவரை 'டிஸ்பாட்சர்' என்பர். தமிழில் காட்டுத்தீக் கட்டுப்பாட்டு அறை அலுவலர் எனலாம்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இப்பணி மிகவும் வளர்ச்சி பெற்றுள்ளது. அங்குக் கோடைக்காலம் வறண்டது. மழையின்றி மின்னல் மட்டும் வெட்டும் நாள்கள் அங்குண்டு. ஒரே பிற்பகலில் ஒரு மாவட்டத்தில் பல இடங்களில் தீ மூளக்கூடும். அதோடு, காடுகளும் புல்வெளிகளும் ஒரே துறைக்குச் சொந்தமானவையல்ல. மத்திய அரசின் வனத்துறை, நில நிர்வாகத் துறை, தேசியப் பூங்காத் துறை, மாநில அரசுகள், பழங்குடி மக்கள், தனியார் எனப் பலருக்கும் உரிய நிலங்கள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. தீ எல்லைக்கல்லைப் பார்த்து நிற்பதில்லை. ஆகவே, பல துறைகளும் சேர்ந்து கூட்டுக் கட்டுப்பாட்டு மையங்களை நடத்துகின்றன. உள்ளூர் மையங்களுக்கு மேலே வட்டார மையங்கள் உள்ளன. அவற்றுக்கும் மேலே, ஐடஹோ மாநிலத்தின் போய்சி நகரில் தேசிய மையம் உள்ளது. 1965-ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கிய கூட்டு முயற்சி இன்று நாடு முழுமைக்கும் ஆள்களையும் விமானங்களையும் பகிர்ந்தளிக்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு ஜூலை மாதப் பிற்பகலை எண்ணிப் பார்க்கலாம். நெடுஞ்சாலையில் காரோட்டிச் செல்லும் ஒருவர் தொலைவில் புகையைக் கண்டு அழைக்கிறார். "மலை எரிகிறது, சீக்கிரம் வாருங்கள்!" என்பது மட்டுமே அவர் சொல்வது. எந்த மலை? அவர் எந்தச் சாலையில், எந்தத் திசையை நோக்கி நிற்கிறார்? புகை வெண்மையா, கருமையா? நேராக எழுகிறதா, ஒரு பக்கமாகச் சாய்கிறதா? எரிவது புல்லா, புதரா, மரமா? அருகில் வீடுகள் உள்ளனவா? அலுவலர் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பதறுபவரிடம் பதறாமல் கேட்பது எளிதன்று. ஆனால், சாய்ந்த புகை காற்றின் திசையைச் சொல்லும். அதன் நிறம் எரிபொருளைப் பற்றிச் சொல்லும். இந்தச் சிறு விவரங்களை வைத்துத்தான் எத்தனை பேரை அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இடத்தைக் கண்டறிவதுதான் பெரும் சிக்கல். மலைமுகட்டுக்குப் பின்னால் எழும் புகை முன்னால் எழுவதுபோல் தோன்றும். காட்டுக்குள் கண்காணிப்புக் கோபுரங்கள் இருந்தால் வேலை எளிதாகும். ஒரு கோபுரத்தில் இருப்பவர் புகை தெரியும் திசையைப் பாகைக் கணக்கில் அளந்து சொல்வார். இன்னொரு கோபுரத்திலிருந்தும் அதேபோல் ஓர் அளவு வரும். நிலப்படத்தில் இரண்டு கோடுகளை வரைந்தால், அவை வெட்டிக்கொள்ளும் இடமே தீ எரியும் இடம். கணிதப் பாடத்தில் கற்ற கோணங்கள் இப்படியும் பயன்படுகின்றன. இன்று கண்காணிப்புக் கேமராக்களும் மின்னல் விழுந்த இடங்களைக் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. எனினும், ஒரு மனிதர் தம் கண்ணால் கண்டு சொல்வதற்கு இன்றும் மதிப்பு உண்டு.

இடம் தெரிந்ததும் வண்டிகள் புறப்படுகின்றன. எந்தப் பகுதியில் தீப்பிடித்தால், எவ்வளவு வறட்சியான நாளில், எத்தனை வண்டிகளையும் ஆள்களையும் அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் வகுத்து வைத்திருப்பார்கள். நிலம் யாருடையது என்ற விவாதத்திற்கு அப்போது இடமில்லை. எந்தத் துறையின் வண்டி மிக அருகில் உள்ளதோ அதுதான் முதலில் செல்லும். தீக்கு ஓர் எண்ணும் பெயரும் சூட்டப்படும். அருகிலுள்ள ஓடை, மலை, சாலை போன்றவற்றின் பெயரையே பெரும்பாலும் வைப்பார்கள். எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்பதையும் அலுவலரே தெரிவிப்பார்.

முதல் வண்டி சென்று சேர்ந்ததும், அதன் தலைவர் தீயின் பரப்பு, காற்று, சரிவு, ஆபத்து ஆகியவற்றைக் கூறித் தேவையானவற்றைக் கேட்பார். இருபது பேர் கொண்ட ஒரு குழு, ஒரு ஹெலிகாப்டர், ஒரு மண்வாரி இயந்திரம் எனப் பட்டியல் நீளும். விமானம், ஆள்குழு, கருவிவண்டி, தனிப்பட்ட வல்லுநர், பொருள் என ஐந்து வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் வரிசை எண் தருவர். தீ பெரிதாகி நூற்றுக்கணக்கான பேர் முகாமிட்டால், வேண்டுகோள்களும் மாறும். உறங்குபைகள், மின்கலன்கள், குடிநீர், சமைத்த உணவு, ஏன், நடமாடும் கழிப்பறைகளைக்கூட ஏற்பாடு செய்ய வேண்டும். இவை வீரச்செயல்களாகத் தோன்றாமல் இருக்கலாம். ஆனால், பசித்த வயிற்றோடும் மின்கலன் தீர்ந்துபோன வாக்கி-டாக்கியோடும் யாரும் மலைமேல் வேலை செய்ய முடியாது.

அலுவலரின் முதன்மையான கருவி குரல்தான். வாக்கி-டாக்கியில் பேசும் ஒருவர், முதலில் தாம் அழைப்பவரின் பெயரையும் பிறகு தம் பெயரையும் சொல்வார். குறியீட்டு எண்கள் வேண்டா, எல்லாத் துறையினருக்கும் விளங்கும் சாதாரணச் சொற்களே போதும் என்பது நடைமுறை. முக்கியமான செய்தியைக் கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரி" என்ற ஒரு சொல், சரியாகக் கேட்டதற்குச் சான்றாகாது. ஒவ்வோர் அழைப்பும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதப்படும். தீயின்மேல் பறக்கச் செல்லும் விமானம் வழியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன் இருப்பிடத்தைத் தெரிவிக்க வேண்டும்; இல்லையேல், அதன் பாதை கணினித் திரையில் தெரிய வேண்டும். அழைப்பு வராவிட்டால் அலுவலர் காத்திருப்பதில்லை; தேடத் தொடங்குவார்.

மலைகள் வானொலி அலையைத் தடுத்துவிடும். அதனால், உச்சிகளில் அலைகளை வாங்கி மீண்டும் அனுப்பும் கோபுரங்களை நிறுவியுள்ளனர். அப்படியும் சில பள்ளத்தாக்குகளில் சத்தமே கேட்காது. அங்கே நிற்பவருக்குச் செய்தி சேரவில்லையென்றால், அச்செய்தி இருந்தும் இல்லாததே.

இதை 1994-ஆம் ஆண்டில் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஒரு துயரம் காட்டியது. அவ்வாண்டு கடும் வறட்சி. ஜூலை 2-ஆம் நாள், கிளென்வுட் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில், மின்னலால் ஒரு மலைமுகட்டில் தீ மூண்டது. மறுநாள் தகவல் வந்தபோது, அது சவுத் கேன்யன் என்னும் பள்ளத்தாக்கில் எரிவதாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அது ஸ்டார்ம் கிங் மலையின் அடிவாரத்துக்கு அருகில் எரிந்தது. தவறாகச் சொல்லப்பட்ட அந்தப் பெயரே இன்றுவரை நிலைத்துவிட்டது.

அதற்கு முந்தைய இரண்டு நாள்களில் மட்டும் அம்மாவட்டத்தில் மின்னலால் 40 தீ மூண்டிருந்தன. ஆள்களோ போதவில்லை. உயிர்களுக்கும் வீடுகளுக்கும் ஆபத்தான தீக்கே முதலிடம் தரப்பட்டது. மலைமுகட்டில் மெல்லப் புகைந்துகொண்டிருந்த தீயைக் கண்காணித்தால் போதும் என்று கருதினர். 40 தீக்கு நடுவில் இருப்பவரின் நிலையிலிருந்து பார்த்தால், அம்முடிவைப் பிழை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. எதை முதலில் அணைப்பது என்று முடிவு செய்யும்போதே, எது காத்திருக்கட்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது.

ஜூலை 4-ஆம் நாள் மாலை இரண்டு வண்டிகள் சென்றன. மறுநாள் காலை ஏழு பேர் இரண்டரை மணி நேரம் மலையேறி வேலையைத் தொடங்கினர். பிறகு வான்குடை மூலம் குதிக்கும் வீரர்களும், அதன் மறுநாள் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த சிறப்புக் குழுவினரும் சேர்ந்துகொண்டனர். செடிகொடிகளை வெட்டி, வெறும் மண் தெரியுமாறு தீத்தடுப்புக் கோடு அமைப்பதே அவர்களின் வேலை. ஜூலை 6-ஆம் நாள் பிற்பகலில் மலைமேல் 49 பேர் இருந்தனர்.

அன்று வறண்ட குளிர்காற்று முகப்பு ஒன்று அப்பகுதியைக் கடக்கும் என்று வானிலை நிலையம் கணித்து, எச்சரிக்கையும் விடுத்திருந்தது. ஆனால், அச்செய்தி மலைச்சரிவில் மண்வெட்டியோடு நின்றவர்களின் காதுக்கு எட்டவில்லை. பிற்பகல் 3.20-க்குக் காற்று வந்தது. நான்கு மணிக்குத் தீ பள்ளத்தின் அடியைக் கடந்து, வீரர்களுக்குக் கீழே இருந்த சரிவில் பற்றியது. அங்கே அடர்ந்திருந்த கேம்பல் ஓக் புதர்கள் நொடிகளில் எரிந்தன. மேல்நோக்கி ஓடிய 12 பேரைத் தீ முந்திக்கொண்டது. முகட்டில் இருந்த ஹெலிகாப்டர் குழுவினர் இருவரும் தப்பவில்லை. மற்ற 35 பேர் கிழக்குப் பள்ளம் வழியே இறங்கியோ, தீக்காப்புக் கூடாரங்களுக்குள் படுத்தோ உயிர் பிழைத்தனர். ஸ்டார்ம் கிங் மலையில் இன்று நினைவுப் பாதை ஒன்று உள்ளது. இறந்த 14 பேருக்கும் தனித்தனி நினைவுச் சின்னங்கள் அங்கு நிற்கின்றன.

விசாரணையில் பல காரணங்கள் வெளிப்பட்டன. செங்குத்தான சரிவு, காய்ந்த புதர், தப்பிச் செல்லும் வழியின் நீளம், பின்பற்றப்படாத பாதுகாப்பு விதிகள் என அவை நீண்டன. அவற்றுள், எழுதப்பட்ட எச்சரிக்கை சேர வேண்டியவரைச் சேராததும் ஒன்று. இன்று பல மையங்களில் தீக்கால வானிலை அறிக்கையை அலுவலர் நாள்தோறும் குறித்த நேரத்தில் எல்லா அலைவரிசைகளிலும் வாசிக்கிறார். கடும் எச்சரிக்கை வந்தால், ஒவ்வொரு குழுவையும் பெயர் சொல்லி அழைத்து, "கேட்டோம்" என்ற பதிலைப் பெற்றுக் குறித்துக்கொள்கிறார். பதில் வராத குழுவை மீண்டும் அழைக்கிறார். அப்போதும் கிடைக்காவிட்டால், அருகிலுள்ள மேட்டில் நிற்கும் வேறொருவர் வழியாகச் சொல்லி அனுப்புகிறார். கேட்பவருக்குச் சலிப்பூட்டும் வாசிப்புதான் அது.

ஆள் பற்றாக்குறை மட்டும் இன்றும் தீர்ந்துவிடவில்லை. நாட்டின் தயார்நிலையை ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுவர். ஐந்தாம் நிலையில் ஏறத்தாழ எல்லாக் குழுக்களும் எங்கோ ஒரு தீயில் இருக்கும். அப்போது உள்ளூர் மையம் வட்டார மையத்தைக் கேட்கும். வட்டார மையம் போய்சியைக் கேட்கும். போய்சி, தேவைப்பட்டால், கனடாவையும் ஆஸ்திரேலியாவையும் நியூசிலாந்தையும் கேட்கும். உதவி எதிர்த்திசையிலும் செல்கிறது. ஆஸ்திரேலியக் காடுகள் 2019-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் எரிந்தபோது, அமெரிக்க வீரர்கள் அங்குச் சென்றனர். 2020 ஜனவரியில் அங்கே தீயணைப்பு விமானம் விழுந்து நொறுங்கியதில் அமெரிக்கர் மூவர் உயிரிழந்தனர்.

இப்பணிக்கு வருபவர்களுள் முன்னாள் தீயணைப்பு வீரர்களும் உள்ளனர். கோடையில் மட்டும் பணியாற்ற வரும் இளையோரும் உள்ளனர். செய்ய வேண்டிய பணிகள் ஒரு பயிற்சி ஏட்டில் பட்டியலிடப்பட்டிருக்கும். அவற்றை உண்மையான தீயின்போது செய்து காட்டி, அனுபவமிக்கவரிடம் கையொப்பம் பெற்ற பிறகே முழுத்தகுதி கிடைக்கும். பணி நேரத்துக்கும் ஓய்வுக்கும் கட்டுப்பாடு உண்டு. களைத்த காது தவறாகக் கேட்கும் அல்லவா? மலைமேல் ஒருவர் காயமடைந்தால், அலுவலர் மற்றவர்களின் பேச்சை நிறுத்தி, அந்த அலைவரிசையை அவசரத்திற்கு மட்டும் ஒதுக்குகிறார். பிறகு ஹெலிகாப்டரை அழைத்து, மருத்துவமனைக்கும் தெரிவிக்கிறார். அடிபட்டவரின் முகத்தை அவர் ஒருபோதும் பார்க்காமல் போகலாம். குரலை மட்டும் கேட்டிருப்பார்.

அந்த ஜூலை நாளின் இரவுக்குத் திரும்பலாம். மாலையில் காற்று தணிந்தது. தீயும் அடங்கத் தொடங்கியது. பத்தரை மணிக்கு ஒரு வண்டியின் தலைவர் அழைத்து, நிலையத்துக்குத் திரும்பிவிட்டதாகச் சொல்கிறார். அலுவலர் நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். இன்னும் ஒரு வண்டி பாக்கி. அது மண்சாலையில் மெதுவாக வருகிறது. பத்து ஐம்பதுக்கு அதுவும் சேர்ந்துவிடுகிறது. இரவுப் பணிக்கு வந்திருக்கும் தோழியிடம், மலைமேலேயே தங்கிக் காவல் காக்கும் எட்டுப் பேரின் பெயர்களையும், அவர்கள் அடுத்து அழைக்க வேண்டிய நேரத்தையும் அவர் வாசித்துக் காட்டுகிறார். தோழி ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொல்கிறாள். எட்டாவது பெயரையும் கேட்ட பிறகே அவர் காதிலிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி வைக்கிறார்.