மூக்குத் தெளிமருந்தும் அதனைக் கையாளும் முறையும்

நோய்க்கு ஏற்ற மருந்தைப் பெறுதல் ஒன்று. அதனை முறையறிந்து பயன்படுத்துதல் மற்றொன்று. இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி நலம் உண்டாவதில்லை.

புத்தளக் கரையிலே கச்சான் காற்று வீசுங்காலத்தில், தும்மலாலும் மூக்கடைப்பாலும் வருந்தும் மாணவர் சிலரை ஆண்டுதோறும் நாம் காண்கின்றோம். இரவில் உறக்கங்கெட்டவர்க்குப் பகலிற் பாடம் மனத்திற் பதியாது. பொதுமக்கள் பீனிசம் என்று கூறும் இத்துன்பம் பெரும்பாலும் ஒவ்வாமையால் வருவது. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணிகளும் பூஞ்சணமும் மகரந்தமும் அதனை விளைப்பன. தும்புத்தூசியும் சீமெந்துத்தூசியும் புகையும் மூக்கை உறுத்தி அதனை மிகுவிப்பன.

இதற்கு வைத்தியர்கள் ஸ்டீரொயிட்டு இனத்து ஸ்பிறே மருந்தை விதிப்பதுண்டு. இவ்வினத்தின் முன்னோடியாகிய கோட்டிசோன் பற்றிய ஆய்வுக்காகக் கெண்டல், ஹெஞ்ச், றைக்ஸ்ரைன் என்னும் மூவர் 1950 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். ஸ்டீரொயிட்டு என்ற பெயரைக் கேட்டதும் சிலர் அஞ்சுகின்றனர். நெடுநாள் உண்ணும் குளிகைகளால் உடலெங்கும் தீங்கு நேரலாம் என்பது உண்மையே. ஆயின், புளூட்டிக்காசோன், மொமெற்றாசோன் போன்ற ஸ்பிறேக்களில் ஒரு தெளிப்பில் வருவது பொதுவாக 50 மைக்கிரோகிராம். விழுங்கப்படும் பகுதியிற் பெரும்பாலானதை ஈரல் சிதைத்துவிடும்.

வேறு சிலர் இரண்டு நாளிற் குணங்காணாது மருந்தைக் கைவிடுகின்றனர். இம்மருந்து மூக்கினுள் உள்ள அழற்சியை மெல்லத் தணிப்பது. முழுப்பயன் காண இரண்டு வாரமும் செல்லலாம். எனவே நாள்தோறும் தவறாது பயன்படுத்தல் வேண்டும். உடனே அடைப்பை நீக்கும் ஒட்சிமெற்றாசோலின் போன்ற துளிமருந்துகளோ வேறு வகையின. அவற்றைச் சில நாள்களுக்கு மேல் பயன்படுத்தினால் அடைப்பு முன்னிலும் மிகுந்து திரும்பும்.

இனி முறையைக் கூறுவாம். மூக்கைச் சிந்தித் துப்புரவு செய்க. குப்பியைக் குலுக்குக, புதியதாயின் முதலிற் காற்றிலே சில முறை தெளித்துப் பார்க்க. தலையைச் சிறிது முன்னே சாய்த்து, வலக்கையால் இடத் துளையிலும், இடக்கையால் வலத் துளையிலும் தெளிக்க. முனை நடுச்சுவரை நோக்காது கண்ணின் வெளிப்பக்கத்தை நோக்கியிருத்தல் வேண்டும். நடுச்சுவரிற் படின் புண்ணும் குருதியும் உண்டாகும். மெல்ல மூச்சை உள்ளிழுக்க. பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குச் சென்றுவிடும். முனையைத் துடைத்து மூடிவைக்க. ஒருவர் குப்பியைப் பிறர் பயன்படுத்தலாகாது.

அண்மையில் மூக்கிற் சத்திரசிகிச்சை பெற்றோர், மூக்கிற் புண்ணுடையோர், கண் அழுத்தநோயோ கண்புரையோ உடையோர், கர்ப்பிணிகள், பிற மருந்துகள் உட்கொள்வோர் ஆகியோர் அதனை முன்னரே வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். நெடுங்காலம் பயன்படுத்தும் சிறுவரின் உயர வளர்ச்சியைக் கவனித்து வருதல் நன்று. அடிக்கடி குருதி வடியின் மருந்தை நிறுத்தி வைத்தியரை நாடுக.

வீண் அச்சமும் அவசரமும் இன்றி, விதித்த அளவை விதித்த முறையிற் கொள்வோர்க்கு இம்மருந்து நல்ல துணையாகும். உறங்கி எழுந்த மாணவனே பாடத்தை மனத்திற் கொள்வான் என்பதைப் பெற்றோர் நினைவிற் கொள்வாராக.