பொருளடக்கம் தானாக வரும், தலைப்பைக் காட்டிக் கொடுத்தால்

அத்தையின் சமையல் நோட்டைப் போன வருடம் கம்ப்யூட்டரில் அடிக்க உட்கார்ந்தேன். (அத்தை என்றால் மாமியார், எங்கள் வீட்டில் அப்படித்தான்.) குழம்பு, கூட்டு, பட்சணம், ஊறுகாய், பிள்ளை பெற்றவளுக்கான பத்தியச் சமையல் என்று 140 பக்கம் வந்துவிட்டது. பொருளடக்கத்தை வரி வரியாக நானே அடித்து, புள்ளியைத் தட்டித் தட்டி வலது ஓரம்வரை கொண்டுபோய், பக்க எண்ணையும் போட்டு முடித்தபோது இரவு மணி 12. காலையில் காபி குடித்துக்கொண்டே அத்தை கேட்டார்: "பூண்டு லேகியத்தை விட்டுட்டியேம்மா?"

சேர்த்தேன். ஒரு பக்கம் கூடியது. லேகியத்துக்குப் பின்னால் இருந்த அத்தனை எண்ணும் தப்பாகிப்போனது. அன்று தொடங்கிப் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டவை இவை. கல்லூரி ப்ராஜெக்ட் அடிக்கும் பிள்ளைகளுக்கும், குலதெய்வக் கோயில் வரலாறு எழுதும் பெரியப்பாக்களுக்கும், குடியிருப்போர் சங்கத்துக்கு ஆண்டறிக்கை தயாரிப்பவர்களுக்கும் இதே முறைதான். நான் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்ட் வேர்டு. மற்றவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1. தலைப்பு மாதிரி தெரிவது வேறு, தலைப்பாக இருப்பது வேறு. நாம் 'வற்றல் குழம்பு' என்று அடித்து, எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் நிறுத்துகிறோம். பார்க்கிற நமக்கு அது தலைப்பு. வேர்டுக்கோ அது கொஞ்சம் குண்டான இன்னொரு வரி, அவ்வளவுதான். 'ஹோம்' பட்டையில் 'ஸ்டைல்ஸ்' என்ற பகுதியில் 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்று வரிசையாக இருக்கும். தலைப்பு வரியில் கர்சரை வைத்து அதில் ஒன்றைச் சொடுக்கினால்தான் அது தலைப்பு என்று வேர்டுக்குத் தெரியும். பொருளடக்க வேலையில் முக்கால்வாசி இதுதான். மீதி இரண்டு சொடுக்கு.

2. அந்த நீல நிறமும் மெல்லிய எழுத்தும் பிடிக்கவில்லையா? எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு தலைப்பை மட்டும் உங்களுக்குப் பிடித்தபடி அழகு செய்யுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து, 'ஹெடிங் 1' மேல் வலது சொடுக்கு செய்து, 'அப்டேட் ஹெடிங் 1 டு மேட்ச் செலக்ஷன்' என்பதைக் கொடுத்தால், புத்தகம் முழுக்க அந்த ஸ்டைலில் இருக்கும் எல்லாத் தலைப்பும் ஒரே நொடியில் அதே உடுப்புக்கு மாறிவிடும்.

3. மவுஸைத் தொடாமல் வேலை ஆக: கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தியபடி 1 தட்டினால் ஹெடிங் 1. அதேபோல் 2, 3. தெரியாமல் ஒரு முழுப் பத்தியே தலைப்பாகிவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், என். பழைய சாதாரண வரியாகிவிடும்.

4. எத்தனை அடுக்கு வேண்டும் என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். 'குழம்பு வகைகள்' போன்ற அத்தியாயத்துக்கு ஹெடிங் 1, 'மிளகு குழம்பு' போன்ற பதார்த்தத்துக்கு ஹெடிங் 2. இதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு பதார்த்தத்துக்குக் கீழும் வரும் 'தேவையானவை', 'செய்முறை' இரண்டுக்கும் ஹெடிங் 3 கொடுத்துவிட்டேன். வேர்டு சாதாரணமாக மூன்று அடுக்கையும் எடுத்துக்கொள்ளும். 90 பதார்த்தம் என்றால் 180 வரி வீண்! பொருளடக்கம் முழுக்க 'தேவையானவை, செய்முறை, தேவையானவை, செய்முறை' என்று பஜனை மாதிரி ஓடியது. இதற்காக ஒவ்வொன்றாக மாற்ற வேண்டாம். அடுத்த குறிப்பில் வரும் 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' பட்டியலின் கீழே உள்ள 'கஸ்டம் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' பெட்டியில் 'ஷோ லெவல்ஸ்' என்பதை 2 ஆக்கினால் போதும்.

5. இனி அந்த இரண்டு சொடுக்கு. பொருளடக்கம் வர வேண்டிய இடத்தில் கர்சரை வைத்து, 'ரெஃபரன்ஸஸ்' பட்டையில் இடது ஓரத்தில் உள்ள 'டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்'. அதில் 'ஆட்டோமேட்டிக் டேபிள் 1'. புள்ளிகளும் பக்க எண்ணும் தாமாகவே வந்து உட்காரும். 'மேனுவல் டேபிள்' என்று ஒன்று அங்கேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது நம்மையே அடிக்கச் சொல்லும் வெற்றுச் சட்டகம். மேலே ஆங்கிலத்தில் வரும் 'கன்டென்ட்ஸ்' என்ற சொல்லை அழித்துப் 'பொருளடக்கம்' என்று மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஹெடிங் 1 மட்டும் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் பொருளடக்கத்துக்குள்ளேயே 'பொருளடக்கம்' என்று ஒரு வரி வந்து நிற்கும்.

6. தமிழில் அடிப்பவர்களுக்கு மட்டும் வரும் தலைவலி ஒன்று உண்டு. ஸ்டைலில் எழுத்தின் அளவை 18 என்று மாற்றுவோம். ஆங்கில எழுத்து பெரிதாகும், தமிழ் அப்படியே நிற்கும். தமிழ், இந்தி, அரபு போன்ற எழுத்துகளை வேர்டு 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று தனிப் பந்தியில் உட்கார வைத்திருக்கிறது. அவற்றுக்கு எழுத்துரு தனி, அளவு தனி, தடிமனும் தனி. ஸ்டைல் மேல் வலது சொடுக்கு, 'மாடிஃபை', கீழே 'ஃபார்மட்', அதில் 'ஃபான்ட்' என்று போனால் அந்தப் பகுதி தெரியும். லதாவோ நிர்மலா யுஐயோ, வேண்டியதை அங்கே தேர்ந்தெடுங்கள். பொருளடக்கத்தின் வரிகளுக்கும் 'டிஓசி 1', 'டிஓசி 2' என்று தனி ஸ்டைல்கள் இருக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் அவற்றை மாற்றுங்கள். பொருளடக்கத்தையே தேர்ந்தெடுத்துக் கையால் மாற்றினால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது எல்லாம் போய்விடும்.

7. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் இன்னொரு வேடிக்கை நடக்கும். உள்ளே அழகான தமிழ். பொருளடக்கத்தில் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிறுக்கல். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். பாமினியில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிடுகிறது. பொருளடக்கத்துக்கு வேறு எழுத்துரு என்பதால் அங்கே வேஷம் கலைந்த கூத்துக்காரர் மாதிரி நிற்கின்றன. அவசரத்துக்கு, 'கஸ்டம் டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ்' பெட்டியில் 'மாடிஃபை' போய் 'டிஓசி 1', 'டிஓசி 2' இரண்டுக்கும் பாமினியையே கொடுத்துவிடலாம். ஆனால் என்னைக் கேட்டால், கோப்பையே ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லது. அப்போதுதான் உள்ளே சொல்லைத் தேடவும் முடியும், செல்போனில் திறந்தாலும் தமிழாகவே தெரியும்.

8. பூண்டு லேகியப் பிரச்சினைக்கு வருவோம். நடுவில் எதைச் சேர்த்தாலும் நீக்கினாலும், பொருளடக்கம் உடனே தானாக மாறிவிடாது. நாம்தான் சொல்ல வேண்டும். அதன் மேல் ஒருமுறை சொடுக்கி எஃப்9 தட்டுங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். இரண்டில் எது என்று கேட்கும்: பக்க எண் மட்டும் மாறினால் போதுமா, முழு அட்டவணையும் மாற வேண்டுமா? புதுத் தலைப்பு சேர்ந்திருந்தால் இரண்டாவதுதான். நான் எப்போதுமே இரண்டாவதைத்தான் கொடுக்கிறேன். யோசிக்கிற வேலை மிச்சம். எழுத்துப்பிழை கண்ணில் பட்டால் பொருளடக்கத்தில் திருத்தாதீர்கள். உள்ளே உள்ள தலைப்பில் திருத்திவிட்டு எஃப்9.

9. பக்க எண் இருக்க வேண்டிய இடத்தில் 'எரர்! புக்மார்க் நாட் டிஃபைன்ட்' என்று வந்தால், அந்தத் தலைப்பை நீங்கள் உள்ளே அழித்திருப்பீர்கள். முழு அட்டவணையைப் புதுப்பித்தால் போய்விடும். ஒரு வரியுமே கிடைக்கவில்லை என்று வந்தால் முதல் குறிப்புக்குத் திரும்புங்கள்.

10. முன்னுரையும் பொருளடக்கமும் ரோமன் எண்ணில் போய், முதல் அத்தியாயம் 1 என்று தொடங்கினால்தான் புத்தகம் புத்தகமாக இருக்கும். இதில் நான் மூன்று நாள் தடுமாறினேன். முதல் அத்தியாயத் தலைப்புக்கு முன்னால் கர்சரை வையுங்கள். 'லேஅவுட்', 'பிரேக்ஸ்', அதில் 'செக்ஷன் பிரேக்ஸ்' என்பதன் கீழே உள்ள 'நெக்ஸ்ட் பேஜ்'. மேலே இருக்கும் வெறும் 'பேஜ்' அல்ல. அங்கேதான் நான் தவறினேன். பிறகு அத்தியாயப் பக்கத்தின் அடிப்பகுதியில் இருமுறை சொடுக்கி, 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பதை முதலில் அணையுங்கள். அதை அணைக்காமல் எண்ணைத் தொட்டால் முன்பகுதியும் சேர்ந்து மாறும். அதன்பின் 'பேஜ் நம்பர்', 'ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ்', 'ஸ்டார்ட் அட்' 1. முன்பகுதிக்குப் போய் அதே இடத்தில் ரோமன் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு: பொருளடக்கம் இரண்டு பக்கத்திலிருந்து மூன்று பக்கமாக வளர்ந்தாலும் அத்தியாயங்களின் எண் அசையாது.

11. "பட்சணத்தைக் கடைசியில வச்சா யாரு பார்ப்பா? முன்னாடி கொண்டா" என்றார் அத்தை. 30 பக்கத்தை வெட்டி ஒட்ட வேண்டுமே என்று பயந்தேன். தேவையே இல்லை. 'வியூ' பட்டையில் 'நேவிகேஷன் பேன்' என்பதை டிக் செய்தால், இடது பக்கம் எல்லாத் தலைப்பும் வரிசையாகத் தெரியும். 'பட்சணங்கள்' என்ற வரியை மவுஸால் பிடித்து மேலே இழுத்துவிட்டால், முறுக்கு, அதிரசம், மனோகரம் எல்லாம் கட்டுச்சோற்று மூட்டை மாதிரி கூடவே வந்துவிடும். பிறகு ஒரு எஃப்9. தலைப்புகளுக்கு ஸ்டைல் கொடுத்ததில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் பொருளடக்கத்தைவிட இதுதான்.

12. வேர்டு இல்லாதவர்களுக்கு: லிப்ரே ஆஃபீஸ் ரைட்டர் இலவசம். அதில் கன்ட்ரோலுடன் 1, 2 தட்டினால் தலைப்பு. பொருளடக்கம் 'இன்சர்ட்' பட்டியலில் இருக்கும். புதுப்பிக்க வலது சொடுக்கு செய்து 'அப்டேட் இண்டெக்ஸ்'. கூகுள் டாக்ஸிலும் 'இன்சர்ட்' பட்டியல்தான். பக்க எண்ணுடன் ஒன்று, வெறும் இணைப்பாக ஒன்று என வகைகள் காட்டும். அச்சடிக்க எண் உள்ளது. பக்கத்திலேயே வரும் வட்ட அம்புக்குறியைத் தொட்டால் புதுப்பித்துக்கொள்ளும்.

13. அச்சுக்கு ஒருபோதும் வேர்டு கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். தெருமுனை ஜெராக்ஸ் கடை ஒன்றில் என் கோப்பைத் திறந்தார்கள். என் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்தது. புத்தகம் 146 பக்கம் ஆனது, பொருளடக்கம் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். காகித அளவையும் முன்கூட்டியே பாருங்கள்: ஏ4 என்பது 210 x 297 மில்லிமீட்டர், சில கம்ப்யூட்டர்களில் வேர்டு 'லெட்டர்' அளவில் திறக்கும், அது உயரத்தில் குட்டை. ஏ4 ஆக்கிவிட்டு, எஃப்9 தட்டிவிட்டு, 'சேவ் அஸ்' போய் பிடிஎஃப் ஆக்குங்கள். அங்கே 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'கிரியேட் புக்மார்க்ஸ்' என்பதில் 'ஹெடிங்ஸ்' டிக் செய்தால், பிடிஎஃப்பின் ஓரத்திலும் தலைப்புப் பட்டியல் வரும். 'பிரிண்ட்' வழியாக பிடிஎஃப் ஆக்கினால் இந்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும். சரியாகச் செய்தால் செல்போனில் பொருளடக்கத்தின் 'மிளகு குழம்பு' வரியைத் தொட்டதும் நேரே அந்தப் பக்கத்துக்குப் போகும்.

பிடிஎஃப் ஆனதும் பொருளடக்கத்திலிருந்து முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என மூன்று வரியைத் தொட்டுப் பாருங்கள். பக்கத்தின் அடியில் இருக்கும் எண்ணோடு மூன்றும் ஒத்துப்போனால் பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு கிளம்பலாம்.